முழு தூர டிரையத்லானுக்கு முந்தைய நாள்: எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்?

முதல்226:

வரும் ஞாயிறு என் முதல் முழு தூரப் போட்டி. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். அரை தூரம் செய்திருக்கிறேன். ஆனால் அங்கே போட்டியன்று காலையில்தான் சைக்கிளைக் கொண்டுபோய் வைத்தோம். இங்கே சனிக்கிழமையே சைக்கிளையும் இரண்டு பைகளையும் ஒப்படைத்துவிட வேண்டுமாம். பயிற்சியைப் பற்றிக் கேட்கவில்லை, அது ஆனவரைக்கும் ஆயிற்று. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் குழப்பம்.

காலையில் கொஞ்சம் நீந்தி, ஓட்டிப் பார்க்கலாமா, இல்லை படுத்தே கிடக்கலாமா? இரவு வயிறு முட்டச் சாப்பிட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். சைக்கிளை வெயிலில் விட்டு வரும்போது டயரில் காற்றை இறக்க வேண்டுமா? அப்புறம், அன்று இரவு தூக்கம் வராது என்பது இப்போதே தெரிகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா?

ஒரு வாரமாக எங்கள் கூடத்தில் சாமான்கள் பரப்பிக் கிடக்கின்றன. மனைவி அதைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறாள். இன்னும் ஒன்றும் பைக்குள் போகவில்லை.

மஞ்சள்மிதவை:

தம்பி, சனிக்கிழமை உடம்புக்காகச் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அன்றைக்கு உண்மையான வேலை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் யோசிக்க வேண்டியிருப்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து முடித்துவிடுவது. தண்ணீரிலிருந்து எழுந்து வரும்போது தலை லேசாகச் சுற்றும், விரல் மரத்திருக்கும், சுற்றிலும் ஒரே கூச்சல். "சாக்ஸ் போடலாமா, வேண்டாமா" என்று முடிவெடுக்கிற மூளை அப்போது யாருக்கும் இருக்காது. நான் போட்டியிலும் கலந்துகொள்கிறவள், டிரான்சிஷன் கூடாரத்தில் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடம்) தன்னார்வலராக நிற்கிறவளும்கூட. பையைத் தலைகீழாகக் கொட்டிவிட்டு, கொட்டியதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற ஒருவரையாவது ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பெரும்பாலும் நல்ல நீச்சல்காரர்கள்தான், முன்வரிசையில் கரையேறி வந்தவர்கள்.

அதனால் பைகளிலிருந்தே வருகிறேன். சனிக்கிழமை காலை, வேறு எந்த வேலைக்கும் முன்னால், ஞாயிறு செய்யப்போவதை நாற்காலியில் உட்கார்ந்து நடித்துப் பாருங்கள். வெட்சூட்டை, அதாவது நீச்சலுக்கான ரப்பர் உடையைக் கழற்றியாயிற்று, அடுத்து கை எதைத் தேடுகிறது? ஹெல்மெட். அப்புறம் கண்ணாடி, எண் பெல்ட், சாக்ஸ், ஷூ. எது முதலில் வேண்டுமோ அது பையில் மேலே இருக்க வேண்டும், அதாவது கடைசியில் உள்ளே போக வேண்டும். ஓட்டத்துக்கான பையும் இதே கணக்குத்தான். அதில் ஷூ, தொப்பி, மாற்று சாக்ஸ், உராய்வுக்குத் தடவும் களிம்பு, இரண்டு ஜெல் (பிழிந்து விழுங்கும் மாவுச்சத்துக் கூழ்) போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று கை தானாக இன்னொன்றை எடுக்கும். அதைத் திரும்ப வெளியே எடுத்து வையுங்கள். இருக்கட்டும் என்று வைத்ததெல்லாம்தான் கூடாரத்தில் தரையில் கிடக்கிறது.

சாக்ஸைப் பந்தாக உருட்டி வைக்காதீர்கள். விரல் பகுதியை விட்டுவிட்டு, மேல்பாதியை மட்டும் குதிகால் வரைக்கும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்துவிடுங்கள். ஈரக் காலில் முழு சாக்ஸை ஏற்றுவது பெரிய பாடு. இப்படி மடித்திருந்தால் விரல்களை மட்டும் நுழைத்துவிட்டு மடிப்பை மேலே இழுத்தால் போதும். உள்ளே கொஞ்சம் பவுடர் தூவியிருந்தால் இன்னும் நல்லது. ஷூவின் பட்டைகளை முழுக்கத் திறந்து வையுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் விளையாட்டே வேண்டாம். சைக்கிளை ரேக்கிலிருந்து எடுக்கும் முன் கொக்கி மாட்டியிருக்க வேண்டும், திரும்பி வந்து ரேக்கில் வைத்த பிறகுதான் கழற்றலாம். நடுவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது இதைத்தான். வாரின் நீளத்தை சனிக்கிழமையே சரிசெய்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகுங்கள். எண் அட்டை சைக்கிளில் முதுகுப் பக்கம், ஓட்டத்தில் முன்பக்கம். பெல்ட் சுழல்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒப்படைக்கப் போகிறபோது நேரம் திறந்தவுடனே போய்விடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், நிதானமாக நடந்து பார்க்கலாம். தண்ணீரிலிருந்து வெளியேறும் இடத்தில் நின்று, அங்கிருந்து பைகள் தொங்கும் இடம், கூடாரம், உங்கள் ரேக், சைக்கிளில் ஏறும் கோடு என்று அந்த வழியை அப்படியே நடந்து வாருங்கள். திரும்பி வரும் பக்கத்திலிருந்தும் ஒருமுறை. அடையாளத்துக்கு மரம், விளக்குக் கம்பம், வரிசை எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். "சிவப்பு சைக்கிளுக்குப் பக்கத்தில்" என்று மனதில் குறித்துவைத்தால், அந்தச் சிவப்பு சைக்கிள்காரர் உங்களுக்கு முன்னால் கிளம்பிப் போய்விடுவார்.

நீச்சல் பாதையையும் கரையில் நின்று பாருங்கள். மிதவைகள் எந்தத் தோளுக்கு வரும், எங்கே திரும்ப வேண்டும், கரைக்குத் திரும்புகையில் பின்னால் உயரமாக என்ன தெரியும் என்று. மிதவை அலையில் மறையும், கட்டடம் மறையாது. காலைச் சூரியன் எந்தத் திசையில் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். கறுப்புக் கண்ணாடியா, தெளிவான கண்ணாடியா என்பது அதைப் பொறுத்தது. இரண்டையும் எடுத்துப்போங்கள், வானத்தைப் பார்த்துக் காலையில் முடிவு செய்யலாம். எது ஆனாலும் கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் தேய்க்காதீர்கள், பனி படியாமல் காக்கும் பூச்சு அதோடு போய்விடும்.

வெட்சூட் அணிய அனுமதி உண்டா இல்லையா என்பது காலையில் தண்ணீரை அளந்த பிறகுதான் உறுதியாகும். அயர்ன்மேன் நிறுவனம் நடத்தும் டிரையத்லான் போட்டிகளில் பொதுப் போட்டியாளர்களுக்கு 24.5 டிகிரி செல்சியஸ்வரை அனுமதி. உங்கள் இடத்தில் தண்ணீர் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால், இல்லாமல் நீந்துவதற்கும் மனதளவில் தயாராக இருங்கள். கைநகத்தை வெட்டிவிடுங்கள், வெட்சூட் கிழிவது பெரும்பாலும் நகத்தால்தான். ஆனால் காலிலோ கழுத்திலோ சனிக்கிழமை இரவு சவரம் வேண்டாம். மறுநாள் கடல் நீர் பட்டால் எரிச்சல் தாங்காது.

நேரத்தைப் பதிவு செய்யும் சிப் இடது கணுக்காலில். சங்கிலி வலப்பக்கம் இருப்பதால்தான் இந்த வழக்கம். வெட்சூட் காலுக்கு அடியில் சிப் போகட்டும். மேலே கட்டினால் கழற்றும்போது சிக்கும்.

தூக்கத்தைப் பற்றி: வராது. அதனால் ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை இரவுத் தூக்கம்தான் கணக்கில் வரும், அன்றைக்குச் சீக்கிரம் படுங்கள். சனிக்கிழமை விளக்கை அணைத்துவிட்டுக் கிடந்தாலே கால்களுக்கு ஓய்வுதான். தூக்க மாத்திரையைப் புதிதாக அன்றைக்குத்தான் முயற்சி செய்வேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

ஸ்போக்கு:

அக்கா சைக்கிளைத் தொடாமல் விட்டது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் போட்டிகளில் பழுது பார்க்கும் மேசையில் உட்காருபவன்.

டயர் கேள்விக்கு நேரடி பதில்: கொஞ்சம் இறக்குங்கள், காலையில் ஏற்றுங்கள். ஆனால் வெயில் டயரை வெடிக்க வைக்கிறது என்பது பாதி உண்மைதான். டயருக்குள் வெப்பம் 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குப் போனாலும் உள்ளே அழுத்தம் பத்து விழுக்காடு அளவுக்குத்தான் கூடும். நல்ல டயர் அதைத் தாங்கும். மதியம் டப் டப் என்று வெடிப்பவை பெரும்பாலும், டயரின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் கடிபட்டிருந்தவை. அல்லது உச்ச அழுத்தம்வரை ஏற்றி வைத்திருந்தவை. டயரைப் பிடிக்கும் ஓரக் கொக்கியில்லாத ரிம் என்றால் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதற்கு மேல் போகவே கூடாது. அதில் எல்லை வரைக்கும் ஏற்றி வெயிலில் விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. புது டியூபைப் போட்டிக்கு முந்தைய நாள் மாட்டினீர்கள் என்றால், லேசாகக் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவந்து இரு பக்கமும் டயரின் ஓரத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். டியூபின் கறுப்பு எங்காவது எட்டிப் பார்க்கிறதா? பார்த்தால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி உட்கார வையுங்கள். லேடெக்ஸ் டியூப் இரவில் தானாகவே காற்றை இழக்கும், அதைப் பார்த்து யாரோ ஆணி குத்திவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

சனிக்கிழமை காலை இருபது நிமிடம் ஓட்டுங்கள், அது உங்களுக்காக இல்லை, சைக்கிளுக்காக. பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த சைக்கிள் என்றால் இது கட்டாயம். எல்லா கியரையும் மாற்றுங்கள், முக்கியமாகப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு. கியரைத் தாங்கும் சிறு கொக்கி பயணத்தில் லேசாக வளைந்திருந்தால், அந்தக் கியரில்தான் சங்கிலியை நகர்த்தும் பின் டிரெயிலியர் (derailleur) ஸ்போக்குகளுக்குள் போய் மாட்டும். தட்டையான சாலையில் தெரியவே தெரியாது, முதல் மேட்டில் தெரியும். டிஸ்க் பிரேக் உரசுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். ஹேண்டில்பார், சீட் போஸ்ட் போல்ட்டுகளுக்கு முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் (torque wrench) உண்டென்றால் அதை வைத்தே முறுக்குங்கள், கார்பனில் கைக்கணக்கு சரிப்படாது. இருக்கை உயரத்தில் ஒரு துண்டு டேப் சுற்றி வைத்தால் இரவில் இறங்கியிருந்தாலும் காலையில் கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரி கியர் என்றால் வெள்ளிக்கிழமையே சார்ஜ். ரேக்கில் மாட்டும்போது பொத்தான் எதன் மீதும் அழுந்தாதபடி பாருங்கள். சங்கிலியை இலகுவான கியரில் விட்டு வாருங்கள். கம்ப்யூட்டரைச் சைக்கிளிலேயே விட வேண்டாம், கையோடு கொண்டுவந்து காலையில் மாட்டுங்கள்.

பஞ்சர் சாமான் பை விஷயம்: இரண்டு டியூப், டயரைக் கழற்றும் லீவர், வால்வு நீட்டிப்பு, காற்றுக் குப்பிகள் (கார்பன் டை ஆக்சைடு அடைத்தவை), அவற்றுக்கான தலை. ரிம் ஆழமானது என்றால் மாற்று டியூபின் வால்வு வெளியே எட்டுகிறதா என்று இன்றைக்கே பொருத்திப் பாருங்கள். குப்பித் தலையைத் திருகி ஒரு குப்பியைச் செலவழித்துப் பழகுங்கள், பழகாதவர் கையில் வாயு ஒரு நொடியில் வெளியே போய்விடும். 2008இல் ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில், முந்தைய ஆண்டு சாம்பியன் கிறிஸ்ஸி வெலிங்டனுக்கே அது நடந்தது. பஞ்சர் ஆகி, இருந்த குப்பிகள் வீணாகி, பின்னால் வந்த ரெபெக்கா கீட் தன் குப்பி ஒன்றைக் கொடுத்த பிறகுதான் கிளம்பினார். அப்படியும் வென்றார். நமக்குக் குப்பி கிடைத்தாலும் வெற்றி கிடைக்காது, அதனால் கையோடு எடுத்துப் போவது நல்லது. விமானத்தில் வருகிறவர்கள் குப்பியை இறங்கிய இடத்தில் வாங்க வேண்டியிருக்கும், பல விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

உப்புக்கணக்கு:

சாப்பாட்டில் மட்டும் தலையிடுகிறேன், தொழிலும் அதுதான்.

மாவுச்சத்தை ஏற்றுவது ஒரு இரவுச் சாப்பாட்டு விஷயம் இல்லை. கடைசி ஒன்றரை, இரண்டு நாள் வேலை. நாளொன்றுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 முதல் 12 கிராம் என்று சொல்வது வழக்கம். 70 கிலோ ஆளுக்குக் குறைந்த கணக்கிலேயே 560 கிராம். ஒரே வேளையில் உள்ளே போகாது, அதனால் காலையிலிருந்தே பிரித்துச் சாப்பிடுங்கள். பெரிய சாப்பாடு மதியம். இரவுச் சாப்பாடு சீக்கிரமாக, சாதாரண அளவில். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் தூக்கமும் கெடும், காலைக் கடனும் கெடும். சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ, எது நீண்ட பயிற்சிக்கு முன் சாப்பிட்டுப் பழக்கமோ அதையே சாப்பிடுங்கள். நார்ச்சத்து, எண்ணெய், காரம் அன்றைக்கு ஒரு நாள் குறையட்டும். தட்டில் காய்கறி குறைவாக இருக்கிறதே என்று உறுத்தும், உறுத்தட்டும்.

எடை பார்க்கும் கருவியில் ஏறாதீர்கள். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடியிருக்கும், கால் கனமாகத் தெரியும். அது நாளைக்கு எரிக்கப்போகிற சரக்கு.

தண்ணீரைச் சேமித்து வைக்க முடியாது. பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வெறும் தண்ணீரைக் குடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவதற்கு அங்கேயே அஸ்திவாரம் போடுகிறார்கள். நீண்ட போட்டிகளில் குறைவாகக் குடிப்பது மட்டும் இல்லை, அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. தாகத்துக்குக் குடியுங்கள், சாப்பாட்டில் உப்பு சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

வலி மாத்திரையை "முன்னெச்சரிக்கையாக" விழுங்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைச் சொல்கிறேன். மணிக்கணக்கான உழைப்பில் சிறுநீரகத்துக்குச் சுமை, வயிற்றுக்கும் கேடு. பையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

போட்டியில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து என்று திட்டமிட்டிருப்பீர்கள். சனிக்கிழமை செய்ய வேண்டியது, அதைப் பாட்டில்களாகவும் ஜெல்களாகவும் எண்ணிப் பார்ப்பது. சைக்கிளில் ஆறரை மணி நேரம் என்றால் 80 கிராம் கணக்கில் 520 கிராம். வெளியே மேசையில் அடுக்கினால் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே பயம் வரும். அந்தப் பயம் வீட்டிலேயே வரட்டும். பொடியைக் காய்ந்த பாட்டிலில் போட்டு வைத்து, தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். கலந்து வெயிலில் விட்டால் புளித்துவிடும்.

நீலக்கோடு:

ஸ்போக்கு சொன்ன இருபது நிமிடம் சரி, ஆனால் நீச்சல் பாதையைக் கரையில் நின்று பார்த்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. முந்தைய நாள் காலையில் பத்து நிமிடமாவது அந்தத் தண்ணீரில் இறங்குங்கள். உடம்புக்காக இல்லை. தண்ணீரின் குளிர்ச்சி முகத்தில் முதல்முறையாகப் படும்போது மூச்சு திக்கென்று நிற்கும். அது ஞாயிறு காலை ஆயிரம் பேருக்கு நடுவில் நிகழ வேண்டாம். கடல் என்றால் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் தெரிந்துகொள்ளலாம். அப்புறம் வெட்சூட்டை உலர்த்த நிழலில் தொங்கவிடுங்கள், உள்பக்கம் வெளியே இருக்கட்டும், ஈரமாகவே மறுநாள் போட்டுக்கொள்வது நரகம்.

மஞ்சள்மிதவை:

@நீலக்கோடு, அதிகாரபூர்வமாக நேரம் ஒதுக்கி, பாதுகாப்புப் படகு நிற்கும்போது மட்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். தனியாக இறங்குகிறவர்கள் உண்டு, அது வேண்டாம்.

முதல்226:

அனைவருக்கும் நன்றி. இன்று சனிக்கிழமை மதியம். ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். நீச்சல் ஒத்திகைக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள், இறங்கினேன், நீலக்கோடு சொன்ன அந்தத் திக்கென்ற மூச்சு வந்தது, நாலைந்து கை வீச்சில் போயிற்று. குப்பி ஒன்றைச் செலவழித்துப் பழகினேன். உண்மையிலேயே ஒரு நொடிதான்.

பெரிய பல்சக்கரத்தில் லேசாகக் கடகடவென்று சத்தம் வந்தது. பழுது மேசையில் கொக்கி வளைந்திருக்கிறது என்று சொல்லி அங்கேயே நிமிர்த்திக் கொடுத்தார்கள். ஸ்போக்கு அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

ஒரு சந்தேகம் மட்டும். ஓட்டப் பையில் மாற்றுச் சட்டை வைக்கவில்லை. நீச்சலிலிருந்து கடைசிவரை போடப்போகிற டிரை சூட் ஒன்றுதான். 180 கி.மீ. ஓட்டிவிட்டு அதே துணியில் மராத்தான் ஓடினால் உரசிப் புண்ணாகுமா? காலையில் பையைத் திறக்க அனுமதி இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னார்கள். ஒரு சட்டையையும் ஷார்ட்ஸையும் வைத்துவிடலாமா என்று கை அரிக்கிறது.

மஞ்சள்மிதவை:

அந்த டிரை சூட்டில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, இறங்கி ஓடிப் பழகியிருக்கிறீர்களா? ஆம் என்றால் எதையும் வைக்க வேண்டாம். தொடையின் உள்பக்கம், அக்குள், கழுத்தில் வெட்சூட் படும் இடம், இந்த மூன்றிலும் காலையில் களிம்பைத் தாராளமாகத் தடவுங்கள். ஓட்டப் பையில் அந்தச் சிறு டப்பா இருக்கட்டும், கூடாரத்தில் மறுபடி தடவிக்கொள்ளலாம். பழகவில்லை என்றால் மட்டும் ஷார்ட்ஸை வையுங்கள். மாற்ற நான்கு நிமிடம் ஆகும், மொத்தம் 17 மணி நேரம் இருக்கிற போட்டியில் அது ஒன்றுமே இல்லை. எண் ஸ்டிக்கரை ஒட்டியாயிற்றா? சன் ஸ்கிரீன் தடவும் முன் ஒட்டுங்கள், எண்ணெய்ப் பசையில் ஒட்டாது.

முதல்226:

பழகியிருக்கிறேன் அக்கா, ஆறு மணி நேரம்வரை. சட்டை வேண்டாம் என்று முடிவு. ஸ்டிக்கரை இப்போதுதான் எடுக்கிறேன். இரண்டு கைக்கும் ஒன்று, காலுக்கு ஒன்று.

ஸ்போக்கு:

காலையில் தரைப்பம்பை வரிசையில் நிற்காமல் வாங்க வேண்டுமென்றால், திறந்த அரை மணிக்குள் வந்துவிடுங்கள். பம்ப் தலையை இழுத்த பிறகு வால்வின் உள்முள்ளைத் திருகி மூடினீர்களா என்று ஒருமுறை பாருங்கள். வரிசையில் என்னைப் பார்த்தால் குரல் கொடுங்கள், நீல ஏப்ரன்.